எமல்டா ரீச்சரின் விசேட கருத்து

ஊருக்கு நல்ல புத்தி சொல்ல ஒரு வாய் வேண்டும் என்று கடவுள் யோசித்த அன்றுதான் எமல்டா ரீச்சரைப் படைத்திருக்க வேண்டும். படைத்தவர் அந்த வாய்க்கு ஒரு மூடி செய்ய மறந்துபோனார். அதுதான் கல்முனை பட்ட பாடு.

ரீச்சர் கணக்குப் படிப்பித்து ஓய்வு பெற்றவர். புருசன் செபநாயகம் போஸ்ட்மாஸ்டராக இருந்து காலமானார். வீட்டில் ஒரு வசனத்தை முழுசாகச் சொல்லி முடிக்க வாய்ப்புக் கிடைக்காமலே போய்ச் சேர்ந்த மனுசன் என்று ஊர் சொல்லும். ஒரே மகள் ஜெனிற்றா, வங்கியில் வேலை. கோயில் மாதா சபைக்கு ரீச்சர்தான் தலைவி. வருசா வருசம் தேர்தல் நடக்கும், போட்டிக்கு ஆரும் நிற்பதில்லை. ஒரு தடவை துணிந்து நின்ற பிலோமினாவை உபதலைவியாக்கி, கோயில் பூச்சாடி கழுவும் பொறுப்பையும் கொடுத்து அடக்கிவைத்தார்.

இந்த வருசம் கொழும்பில் கருக்கலைப்புச் சட்டத்தைக் கொஞ்சம் இளக்கப் போகிறார்களாம் என்று ஒரு கதை கிளம்பியது. உண்மையா பொய்யா என்று ஆரும் விசாரிக்க முதல் ரீச்சர் வீதியில் இறங்கிவிட்டார். ஒரு ஓட்டோவைப் பிடித்து, பின் சீட்டில் மாதா சுரூபத்தை இருத்தி, தானும் பக்கத்தில் இருந்து, ஒரு கையால் மாதாவின் இடுப்பை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, கல்முனை, சாய்ந்தமருது, சம்மாந்துறை என்று ஒரு பாமசி விடாமல் ஏறி இறங்கினார். போன இடமெல்லாம் ஒரு போஸ்டர். மேலே நீல முக்காட்டோடு மாதா. நடுவில் கொட்டை எழுத்தில் 'கருவில் இருப்பதும் உயிரே'. கீழே, மாதாவை விடக் கொஞ்சம் பெரிதாக, ரீச்சரின் படம்.

போஸ்டர் ஒட்டினால் மட்டும் போதாது. கடைக்காரர் ஒவ்வொருவரும் சுரூபத்தைத் தொட்டு, 'அந்த மருந்தை இனி விற்கமாட்டன்' என்று சத்தியம் பண்ண வேண்டும். சம்மாந்துறைச் சந்தைக்குப் பக்கத்தில் பாமசி வைத்திருக்கும் இன்ஸாப் மட்டும் தலையைச் சொறிந்தான். அவன் ஒரு காலத்தில் ரீச்சரிடம் கணக்குப் படித்து அடி வாங்கியவன்.

"ரீச்சர், உங்கட மாதா, மர்யம் அலைஹஸ்ஸலாம், எங்களுக்கும் கண்ணியமானவங்கதான். அவங்கட பேரில குர்ஆன்ல ஒரு சூறாவே இரிக்கி. ஆனா சத்தியமெண்டா நாங்க அல்லாஹ்ட பேரில மட்டும்தான் பண்ணுவம்."

"அவர்ர பேரிலயே பண்ணு. எனக்கு மருந்து விக்காட்டிக் காணும்."

இந்த விசயத்தில் ரீச்சர் தாராள மனசுக்காரர். இன்ஸாப் 'வல்லாஹி' என்று சொல்லிச் சத்தியம் பண்ணினான். ரீச்சர் அவன் தலையில் கை வைத்து ஆசீர்வதித்துவிட்டு, அடுத்த கடைக்கு மாதாவைத் தூக்கிக்கொண்டு போனார்.

இப்படி ஊரெல்லாம் அடைத்துப் பூட்டி முடித்த கையோடுதான் ஒக்டோபர் பிறந்தது. செபமாலை மாதம். மாதா சுரூபம் வீடு வீடாகப் போகும், ஒவ்வொரு பின்னேரமும் ஒரு வீட்டில் செபமாலை நடக்கும். முதல் வீட்டுக்குப் போக முன்னம் மாதாவின் முக்காட்டை ரீச்சர் தன் கையாலேயே இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தபோது, ஜெனிற்றா பக்கத்தில் வந்து நின்றாள்.

"அம்மா, எனக்கு ரெண்டு மாசமா வரல்ல."

"என்ன வரல்ல? சம்பளமா?"

ஜெனிற்றா இல்லை என்று தலையாட்டினாள். ரீச்சர் கணக்கில் கெட்டிக்காரர். கொஞ்சம் சுணங்கினாலும் விடை வந்துவிட்டது. இஸ்திரிப் பெட்டி நின்ற இடத்திலேயே நின்றது. மாதாவின் முக்காட்டிலிருந்து புகை வந்தது.

"ஆரு?"

"சுதர்சன். பாண்டிருப்பு. கனகரெத்தினம் ஐயாட மகன். பிரதேச செயலகத்தில கிளாக்கரா இரிக்கார்."

"தீ மிதிக்கிற கனகரெத்தினமா?"

"ஓம்."

"என்ர மாதாவே!" என்று ரீச்சர் கதிரையில் விழுந்தார். சைவப் பொடியன்! அதுவும் தகப்பன் வருசா வருசம் மஞ்சள் உடுத்து நெருப்பில் இறங்குகிற குடும்பம்! தை மாதத்தில் ஜெனிற்றாவுக்குக் கலியாணம். மாப்பிள்ளை மெல்பேணில் இஞ்சினியர், மன்னாரில் மூன்று தலைமுறை வேதக்காரக் குடும்பம், ஒரு சித்தப்பா சுவாமியார்கூட. மண்டபம் பேசியாயிற்று. பிலோமினாவின் வயிற்றெரிச்சலைப் பார்ப்பதற்காகவே அழைப்பிதழை முன்கூட்டி அடித்தும் ஆயிற்று.

"சுதர்சன் நாளைக்கே கலியாண எழுத்துக்கு வாறன் எண்டு சொல்லுறார், அம்மா."

"வாயப் பொத்து. ஆருக்கும் தெரிய முதல் இதை இல்லாமப் பண்ணோணும்."

ஜெனிற்றா தாயை நிமிர்ந்து பார்த்தாள். "நீங்கதானே கருவில இரிக்கிறதும் உயிர் எண்டு..."

"அது ஊருக்குச் சொன்னதுடி!"

சொன்ன பிறகு ரீச்சருக்கே கொஞ்சம் கூசத்தான் செய்தது. ஆனால் கூச்சம் அவரிடம் அதிக நேரம் தங்குகிற விருந்தாளி இல்லை.

"இது என்ர புள்ள. நான் விடமாட்டன்," என்றாள் ஜெனிற்றா. சொல்லிவிட்டு அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

விடமாட்டாளாம்! இவளிடம் ஆர் கேட்டது? முதலில் மருந்து கையில் வரட்டும், பிறகு பேசிச் சரிக்கட்டலாம். சரிவராவிட்டால் கோப்பியில் கலந்து கொடுத்தால் குடிக்கத்தானே போகிறாள். பெற்ற தாய் கொடுக்கிற கோப்பியை ஆர் சந்தேகப்படப் போகிறார்கள்? இப்படி யோசித்தபடி ரீச்சர் ஓட்டை விழுந்த முக்காட்டை மடித்து வைத்துவிட்டு, அலுமாரியிலிருந்து வேறொன்றை எடுத்து மாதாவுக்குப் போட்டார்.

மருந்து எங்கே வாங்குவது? கல்முனையில் எந்த பாமசியில் ஏறினாலும் சுவரில் இருந்து அவரே அவரை முறைத்துப் பார்ப்பார். அதுவும் தெரிந்த முகங்கள். சம்மாந்துறை கொஞ்சம் தூரம். ஆனால் அங்கேயும் படம் தொங்குகிறதே. அப்போதுதான் பக்கத்து வீட்டுச் சபூறாவின் ஞாபகம் வந்தது. சபூறா அபாயா தைத்து விற்கிறவள். ஈஸ்டர் குண்டு வெடித்த வருசம், "அந்தக் கறுப்புத் துணிக்குள்ள ஆர் இரிக்கா எண்டு எப்பிடித் தெரியும்?" என்று பள்ளிக்கூடக் கூட்டத்தில் எழும்பிக் கேட்டவர் எமல்டா ரீச்சர். சபூறா அதைக் கேள்விப்பட்டு மூன்று மாதம் முகம் பார்க்கவில்லை. இப்போது அதே கேள்வி ரீச்சருக்கு ஒரு வசதியாகத் தெரிந்தது. உள்ளே ஆர் இருக்கிறா என்று ஒருத்தருக்கும் தெரியாதுதானே!

"சபூறா, ஒரு அபாயா ஒரு நாளைக்கு இரவல் தருவியா? பழைய மாணவிகள் சமாதான நாடகம் போடுறாங்க. எனக்கும் ஒரு பாகம்."

சபூறா ஊசியை வாயில் கவ்விக்கொண்டே கேட்டாள்: "என்ன பாகம் ரீச்சர்?"

"உம்மா."

"நல்லாப் பொருந்தும்," என்றாள் சபூறா. பெரிய சைஸில் ஒன்றை எடுத்துக் கொடுத்தாள், வேறொன்றும் கேட்கவில்லை.

அடுத்த நாள் காலை, கறுப்பு அபாயா, தலையில் இறுக்கிச் சுற்றிய ஷோல், முகத்தில் கொரோனா காலத்து மாஸ்க் என்று ரீச்சர் சம்மாந்துறை பஸ்ஸில் ஏறி ஜன்னலோரம் இருந்தார். பக்கத்தில் வெற்றிலைப் பையோடு ஒரு வயசான உம்மா வந்து இருந்தா. பேர் சபியா உம்மா. நாலு பேரைத் தெரியாத பஸ்ஸில் நாற்பது பேரோடு கதைக்கிற சாதி. ரீச்சர் 'உம்', 'ஊகும்' என்று தலையால் சமாளித்துக்கொண்டு வந்தார். எல்லாம் சரியாகத்தான் போனது, கோயிலடி வரும் வரைக்கும்.

கோயிலடியில் ரோட்டோரம் குகை மாதிரிக் கட்டிய மாதா கெபி இருக்கிறது. சின்ன வயசில் இருந்து அந்த இடத்தைக் கடக்கும்போது ரீச்சரின் வலது கை சிலுவை போடத் தன் பாட்டில் எழும்பும். பஸ்ஸில் போனாலும், ஓட்டோவில் போனாலும், ஆஸ்பத்திரி வாகனத்தில் போனாலும் எழும்பும். அன்றைக்கும் எழும்பியது. நெற்றி, நெஞ்சு, இடது தோள், வலது தோள். கடைசியில் விரலை மாஸ்க்கில் வைத்து ஒரு முத்தமும் கொடுத்தது. கறுப்பு அபாயாவுக்குள் இருந்து!

சபியா உம்மா வெற்றிலையை மெல்வதை நிறுத்தினா. "என்ன புள்ள செஞ்ச இப்ப?"

"நுளம்பு கடிச்சது."

"நெத்தியிலயும் நெஞ்சிலயும் ரெண்டு தோளிலயுமா? அந்த நுளம்பு கோயிலுக்குப் போற நுளம்பு போல!"

பின் சீட்டுக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள். கொண்டக்டர் டிக்கட்டை விட்டுவிட்டு முன்னுக்கு வந்தான். "ஆரோ வேசம் போட்டு வந்திரிக்கா," என்று ஒரு ஆள் பயந்த குரலில் சொன்னான். பயப்படுகிறதில் பிழையில்லை, குண்டு வெடித்த காலத்துக்குப் பிறகு ஆருக்கும் ஆரையும் நம்ப ஏலாமல் இருந்தது. பொலிசுக்குப் போன் எடுக்கிற கதை வந்ததும் ரீச்சருக்கு வியர்த்துக் கொட்டியது. வேறு வழியில்லாமல் மாஸ்க்கைக் கீழே இழுத்தார்.

"அட! எமல்டா ரீச்சர்!" என்று கத்தினா சபியா உம்மா. "உங்கட படம்தானே எங்கட ஊர் பாமசியில தொங்குது!" அடுத்த நிமிசமே அந்தக் கிழவியின் முகம் மலர்ந்தது. ரீச்சரின் ரெண்டு கையையும் பிடித்துக்கொண்டா. "அல்ஹம்துலில்லாஹ்! மகள், நீங்க எப்ப இஸ்லாத்துக்கு வந்தீங்க? அந்தக் கை தூக்கிறது பழக்கதோசம், போகப் போகச் சரியாகிடும். கவலைப்படாதீங்க."

ரீச்சர் வாயைத் திறந்தார், மூடினார். இல்லை என்றால், பிறகு ஏன் இந்த உடுப்பு என்று கேட்பார்கள். அதற்கு மறுமொழி இல்லை. வாழ்நாளில் முதல் தடவையாக எமல்டா ரீச்சர் ஒரு பஸ் நிறைய ஆட்களுக்கு முன்னால் பேசாமல் இருந்தார். பேசாமல் இருந்ததை ஊர் சம்மதமாக எடுத்துக்கொண்டது.

சம்மாந்துறையில் இறங்கி, சந்தைக்குள் ட்ரக்டர்களுக்கு ஊடே நடந்து, மாஸ்க்கை மூக்குக்கு மேலே இழுத்துவிட்டுக்கொண்டு இன்ஸாபின் பாமசிக்குள் நுழைந்தார். ஒரு ஏற்பாட்டோடுதான் வந்திருந்தார். குரலை மெலிதாக்கி, "அஸ்ஸலாமு அலைக்கும் தம்பி," என்றார்.

இன்ஸாப் கதிரையை இழுத்துப் போட்டான். "இருங்க ரீச்சர்."

"நான் ரீச்சர் இல்ல."

"ஏழாம் வகுப்பில என்ன வெயிலில நிப்பாட்டின சத்தம் இது. மௌத்தாகும் வரைக்கும் மறக்க மாட்டன். சொல்லுங்க, என்ன வேணும்?"

ரீச்சர் சுற்றிவரப் பார்த்தார். கடையில் வேறு ஆருமில்லை, சுவரில் இருந்த மாதாவையும் தன்னையும் தவிர. குனிந்து, ஒரு ஏழைப் பிள்ளை, தகப்பனும் இல்லாதது, தெரியாமல் நடந்துபோயிற்று, பெரிய உதவியாக இருக்கும் என்று விசயத்தைச் சொன்னார். இன்ஸாப் சுவரில் இருந்த போஸ்டரை நிமிர்ந்து பார்த்தான்.

"நான் சத்தியம் பண்ணிட்டனே ரீச்சர்."

"எனக்குத்தானே பண்ணினாய்? நான் உன்ன விடுவிக்கன்."

"உங்களுக்குப் பண்ணல்ல. அல்லாஹ்ட பேரில பண்ணின. அத விடுவிக்கிறதுக்கு உங்களுக்கு என்ன அதிகாரம் இரிக்கி?"

ரீச்சருக்குக் கோபம் வந்தது. மாதாவின் பேரில் பண்ணச் சொன்னபோது கேட்டிருந்தால் இந்தச் சிக்கல் வந்திருக்குமா? மாதா தாய், எதையும் பொறுத்துக்கொள்வா. இந்தப் பொடியன் போய் நேரே மேலிடத்தில் கை வைத்துவிட்டான்!

இன்ஸாப் ஒரு சின்னக் கடதாசிப் பையில் மாத்திரை போட்டு நீட்டினான். ரீச்சரின் கை ஆவலோடு பாய்ந்தது. "இது ஃபோலிக் அசிட். வயித்துப் புள்ளத்தாச்சிக்கு நல்லம். அந்த ஏழைப் புள்ளைக்கு என்ர சதக்காவாக் குடுங்க. மாசா மாசம் அனுப்புங்க, சும்மா தாறன்." குரலில் கிண்டல் இல்லை. அதுதான் ரீச்சருக்குப் பொறுக்கவில்லை.

வீட்டுக்கு வந்து சேர முதல் செய்தி வந்து சேர்ந்துவிட்டது. பின்னேரம் சாய்ந்தமருதில் இருந்து நாலு பெண்கள் வட்டிலப்பம் சுமந்துகொண்டு வாழ்த்துச் சொல்ல வந்தார்கள். ரீச்சர் கதவைத் திறக்காமல், காய்ச்சல் என்று ஜன்னலால் சொன்னார். அவர்கள் துஆச் செய்துவிட்டு வட்டிலப்பத்தைப் படியில் வைத்துவிட்டுப் போனார்கள். அதற்குப் பிறகு பங்குச் சுவாமி போன் எடுத்தார். "நான் ஒண்டும் கேட்கல்ல ரீச்சர். ஞாயிற்றுக்கிழமை பூசைக்கு வருவீங்கதானே?" என்றார். பிலோமினா நேரிலேயே வந்து, ஒரு கரண்டி வட்டிலப்பம் தின்றுகொண்டே, "மாதா சபைக்கு இனி ஆர் தலைவி எண்டு சனம் கேட்குது. நான் ஒண்டும் சொல்லல்ல," என்றாள்.

மருந்தும் இல்லை, மானமும் போய்க்கொண்டிருக்கிறது. அந்த நெருக்கடியில்தான் ரீச்சருக்கு அந்தப் பெரிய யோசனை வந்தது. ஒரு நவநாள்! ஒன்பது நாள், ஒன்பது வீடு, தானே முன்னுக்கு நின்று செபமாலை சொல்ல வேண்டும். முடிவு நாள் தன் வீட்டில், பட்டிஸ், கேக், பிளேன்டீயோடு. அப்போது ஊர் வாய் மூடும். அதோடு மற்ற விசயத்துக்கும் ஒரு வழி திறந்தது. பாமசிக்காரன் தரமாட்டான் என்றால் என்ன? மாதா இருக்கிறாவே!

சுரூபத்துக்கு முன்னால் முழங்காலில் நின்று ரீச்சர் மனசைத் திறந்தார். "தாயே, நான் ஒரு பாவமும் செய்யமாட்டன். மருந்தும் வேணாம், ஒண்டும் வேணாம், கையாலயும் தொடமாட்டன். நீங்களே பார்த்து, நோகாம, ஆருக்கும் தெரியாம, எடுத்திருங்க." செபித்துவிட்டு எழும்பியபோது அவருக்கு உண்மையிலேயே நெஞ்சுப் பாரம் குறைந்திருந்தது. செய்யக் கூசின வேலையை மாதாவிடம் குத்தகைக்குக் கொடுத்தாயிற்று. தன் கை சுத்தம். இதில் என்ன பாவம்?

செபமாலையில் பத்துப் பத்து மணியாக ஐந்து கோவை. ஒவ்வொரு பத்து மணிக்கும் முன்னால் ஒரு கருத்து, அதாவது ஒரு வேண்டுதல், சொல்லுவார்கள். நோயாளிகளுக்காக, பரீட்சை எழுதுகிற பிள்ளைகளுக்காக, கடலுக்குப் போனவர்களுக்காக என்று ஆராவது சொல்ல, எல்லாரும் அதற்காகச் செபிப்பார்கள். வெளியே சொல்ல ஏலாத காரியமென்றால் 'ஒரு விசேட கருத்துக்காக' என்றால் போதும். அது என்னவென்று தோண்டிக் கேட்பது மரியாதை இல்லை. நவநாள் தொடங்கிய அன்றைக்கே ரீச்சர் கண்ணை மூடி, குரல் தழும்ப, "என்ர ஒரு விசேட கருத்துக்காக," என்றார்.

பாவம் அந்தப் பெண்கள். கலியாணம் நல்லபடி ஒப்பேற வேண்டும் என்று ரீச்சர் கேட்கிறார் என்று நினைத்தார்கள். மதம் மாறுகிற ஆள் இப்படி அழுவாளா என்று பிலோமினாவே இளகிப்போனாள். வீட்டுக்கு வீடு, பின்னேரத்துக்குப் பின்னேரம், எல்லாரும் உருகி உருகிக் கேட்டார்கள். அவர்களுக்கு நடுவில், வயிற்றைப் புரட்டுகிற மெழுகுதிரி மணத்தைப் பொறுத்துக்கொண்டு, ஜெனிற்றாவும் முழங்காலில் நின்றாள். அம்மா ஒரு வார்த்தை ஏசாமல் இருக்கிறா, மனசு மாறுகிறா, அதற்குத்தான் இந்தக் கருத்தாக்கும் என்று நம்பி, மற்ற எல்லாரையும் விட உருக்கமாக அவள்தான் கேட்டாள்.

நவநாள் முடிய இன்னும் ரெண்டு நாள் இருக்கும்போது, காலையில் ஜெனிற்றா கிணற்றடியில் சத்தி எடுத்துவிட்டு நிமிர்ந்தாள். பின்னால் தாய் நின்றார்.

"அடிவயித்தில நோகுதா?"

"இல்ல."

"இடுப்பு? இடுப்பில பிடிச்சு இழுக்குதா? ரெத்தம் ஒண்டும் படல்லையா?"

அந்தக் கேள்வியில் கவலை இல்லை, எதிர்பார்ப்பு இருந்தது. பரீட்சை முடிவு பார்க்கிற ஆளைப்போல ரீச்சர் மகளின் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். ஜெனிற்றா வாயைத் துடைத்தாள்.

"நோகோணும் எண்டு ஆசையா இரிக்கா அம்மா?"

"நான் ஒண்டும் செய்யல்ல. கையே வைக்கல்ல. மாதாட்டப் பாரத்தப் போட்டிரிக்கன்."

"என்னெண்டு கேட்டிரிக்கீங்க?"

ரீச்சர் கொடியில் காய்ந்த துணியை எடுத்து மடிக்கத் தொடங்கினார். காயாத துணியையும் மடித்தார்.

"அம்மா, விசேட கருத்து... அதுவா?"

ரீச்சர் மடித்த துணியையே பிரித்துத் திரும்ப மடித்தார். ஜெனிற்றா கிணற்றுக்கட்டில் குந்திவிட்டாள். ஏசுவாள், கத்துவாள் என்று ரீச்சர் பார்த்தார். அவள் சின்னப் பிள்ளையைப்போலத் தேம்பித் தேம்பி அழுதாள். "நானும் கேட்டன் அம்மா. ஒவ்வொரு நாளும் முழங்காலில நிண்டு என்ர வாயால கேட்டன். என்ர புள்ள சாகோணும் எண்டு என்னைக் கொண்டே கேட்க வெச்சிட்டீங்களே!"

ரீச்சருக்கு ஒரு கணம் நெஞ்சில் ஏதோ குத்தத்தான் குத்தியது. ஆனால் மெல்பேண் ஞாபகம் வந்தது, மண்டபம் ஞாபகம் வந்தது. "எது நல்லதெண்டு மாதாக்குத் தெரியும். எழும்பி முகத்தக் கழுவு, ஆராவது காணப் போறாங்க," என்றார்.

கடைசி நாள் பின்னேரம் ரீச்சர் வீட்டில் இருக்க இடமில்லை. விறாந்தை தாண்டி முற்றம் வரைக்கும் சனம். பக்திக்குப் பாதி, அபாயாக் கதையின் உண்மையை அறிய மீதி. சபூறாவும் வந்து, ஒரு கதிரையை இழுத்து வாசலோரம் இருந்தாள். புதுப் பட்டுச் சேலையில் ரீச்சர் மாதாவுக்குப் பக்கத்தில் கதிரை போட்டு இருந்தது, மாதாவே தன் வீட்டுக்கு விருந்து வந்த மாதிரி. நாலு பத்து மணியும் நல்ல இசையோடு முடிந்தன. கடைசிப் பத்து மணியை வீட்டு மகள் சொல்வதுதான் அழகு என்று பிலோமினா சொல்ல, ரீச்சர் பெருமையோடு தலையாட்டினார்.

ஜெனிற்றா எழும்பி நின்றாள்.

"இந்தப் பத்து மணி நன்றிக்காக," என்றாள். "அம்மாட விசேட கருத்துக்காக ஒம்பது நாளா நாம எல்லாரும் கேட்டம். அத மாதா கேட்காம விட்டதுக்கு நன்றியா இதச் சொல்லுவம்."

சனம் ஒன்றையொன்று பார்த்தது. ரீச்சரின் கையில் செபமாலை நின்றுபோயிற்று. "புள்ளைக்குக் காய்ச்சல்," என்று எழும்பப் பார்த்தார். பிலோமினா அவர் சேலையைப் பிடித்து இருத்தினாள். இவ்வளவு காலம் பூச்சாடி கழுவினவள், இந்தக் கதையை விடுவாளா?

"என்ன கருத்து மகள்?"

"என்ர வயித்தில ஒரு புள்ள இரிக்கு. அது தானா அழிஞ்சு போகோணும் எண்டதுதான் கருத்து. உங்களுக்குத் தெரியாது. எனக்கும் தெரியாது. எல்லாரும் சேர்ந்துதான் கேட்டம். புள்ள இன்னும் சுகமா இரிக்கு. சுதர்சன் எண்டவர்தான் தகப்பன், வாற கிழமை எழுத்து. விருப்பமானவங்க வாங்க."

"என்ர மாதாவே, எங்கட வாயாலயா கேட்டம்!" என்று ஒரு பெண் வாயில் அடித்துக்கொண்டாள். இன்னொருத்தி அவசர அவசரமாகச் சிலுவை போட்டாள். வயிற்றுப் பிள்ளையைச் சாகச் சொல்லி உருகின தங்கள் வாயை நினைத்து அவர்கள் பட்ட பயத்தில், கலியாணம் முடிக்காத பெண்ணுக்குப் பிள்ளை என்ற அவமானம்கூடப் பின்னுக்குப் போய்விட்டது. வாசலில் இருந்த சபூறா, "யா அல்லாஹ்," என்றாள், மெதுவாக.

ஜெனிற்றா ஆரையும் பார்க்கவில்லை. மாதாவைப் பார்த்தபடி முதல் மணியைப் பிடித்து, "அருள் நிறைந்த மரியே," என்று தொடங்கினாள். உம்முடைய திருவயிற்றின் கனி என்கிற இடத்தில் ஒரு கையை அடிவயிற்றில் வைத்துக்கொண்டாள். தன் பாதியைச் சொல்லி முடித்தாள். இனி மற்றப் பாதி சனத்தின் முறை.

ஒரு வாயும் திறக்கவில்லை. எல்லாக் கண்ணும் ரீச்சர் மேல் இருந்தது. தலைவி தொடங்காமல் சபை தொடங்குகிற வழக்கம் இல்லை. அந்த வழக்கத்தைக் கொண்டுவந்ததும் அவரேதான்.

பேசாமல் இருந்தால், ஓம், அப்படித்தான் கேட்டன் என்று ஒப்புக்கொண்ட மாதிரி. எழும்பிப் போனால் அதைவிட மோசம். ரீச்சர் பிலோமினாவின் முகத்தைப் பார்த்தார். சனத்தைப் பார்த்தார். மகளைப் பார்க்க அவருக்குத் துணிவு வரவில்லை. தொண்டையைச் செருமி, பட்டுச் சேலையைச் சரிசெய்துகொண்டு, முற்றத்தில் நின்ற கடைசி ஆளுக்கும் கேட்கிற மாதிரி, "புனித மரியே, இறைவனின் தாயே, பாவிகளாகிய எங்களுக்காக..." என்று உரத்த குரலில் சொன்னார். சனமும் சேர்ந்து சொன்னது.

பேரப்பிள்ளைக்காக எமல்டா ரீச்சர் கேட்ட முதல் செபம் அதுதான். அதையும் அவர் ஊருக்குப் பயந்துதான் கேட்டார்.